ஹுமாவுக்கு இரண்டு குறைகள்

பிரிஸ்கில்லா அதுவரை செய்த மொசைக்கெல்லாம் தண்ணீர் படுகிற இடமாகவே வாய்த்தது. ஏலகிரியில் ஒரு ரிசார்ட்டின் நீச்சல் குளத்துக்கு அடியில் கடல்கன்னி. காட்பாடி ஓட்டல் ஒன்றில் கைகழுவுகிற இடத்துக்கு மேலே தாமரை. ராணிப்பேட்டையில் ஒரு டாக்டர் வீட்டுக் குளியலறையில், டாக்டரின் மனைவி விரும்பிக் கேட்ட டால்பின்கள். கடல்கன்னியின் முகத்தை மிதித்துக்கொண்டு ஜனங்கள் நீந்தினார்கள். தாமரையின் மேல் சாம்பார்க் கையை உதறினார்கள். டால்பின்களை யார் எந்த நிலையில் பார்க்கிறார்கள் என்று அவள் யோசிப்பதில்லை. மகள் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அவள் அம்மா டோரதி, "டைல்ஸ் வேல" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார்.

அப்படி இருந்தவளை ஆம்பூரிலிருந்து ஷபீ அஹமது கூப்பிட்டு, தன் ஷூ ஃபேக்டரியின் புதுக் கட்டடத்தில், முன்ஹாலில், ஒரு முழுச் சுவரைக் கொடுத்தார். காய்ந்த சுவர். குழாய் கிடையாது. உள்ளே வருகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும்.

அதில் அவருக்கு ஹுமா வேண்டும். ஹுமா என்பது பாரசீகக் கதைகளில் பிறந்து உருதுக் கவிதைக்குள் குடிவந்த பறவை. தரையில் கால் வைக்காது, ஆயுசுக்கும் பறந்துகொண்டே இருக்கும், அதன் நிழல் எவன் தலையில் விழுகிறதோ அவன் ராஜா ஆவான் என்பார்கள். ஷபீ அஹமது வாணியம்பாடியில் நடக்கிற முஷாயிராக்களில், அதாவது உருதுக் கவியரங்கங்களில், முன்வரிசையில் உட்கார்ந்து, விடிகிற வரைக்கும் தலையாட்டுகிற மனிதர்.

"ராஜா ஆவறதெல்லாம் அப்பறம் பாக்கலாம்மா. டெய்லி அத்தன பேரு அந்த வழியாதான் ஷிஃப்ட்டுக்குப் போறாங்க. எல்லார் தலையிலயும் கொஞ்சம் நெழல் உழட்டும்" என்றார்.

பிரிஸ்கில்லாவுக்கு அங்கேயே அவரைப் பிடித்துப்போயிற்று. அடுத்ததாக அவர் சொன்னதுதான் பிடிக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு. கண்ணு வேணாம்."

"கண்ணு இல்லாமயா சார்?"

"எங்க ஊட்லயும் சரி, ஃபேக்டரிலயும் சரி, உயிருள்ள மொகம் மாட்டறதில்லம்மா. கண்ணு இல்லாங்காட்டி அது டிசைன். கண்ணு வெச்சா உயிரு. உயிரு குடுக்கறது நம்ம வேல இல்ல."

அவர் இதைக் கோபமாகவோ பெருமையாகவோ சொல்லவில்லை. சர்க்கரை வேண்டாம் என்கிற மாதிரி சொன்னார். பிரிஸ்கில்லாவும் படங்களோடு வளர்ந்தவள் அல்ல. அவள் போகிற சர்ச்சில் வெள்ளைச் சுவர், ஒரு மரச் சிலுவை, வரிசையாக மின்விசிறிகள், அவ்வளவுதான். அவளுக்குப் புரியாமல் இல்லை. புரிந்தும் மனசு ஒப்பவில்லை என்பதுதான் தொல்லை. மூடிய கண் வைக்கலாமா என்று ஒரு தடவை கேட்டாள். தலையைத் திருப்பிக்கொண்ட மாதிரி செய்யலாமா என்று இன்னொரு தடவை கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அவர் டீ வரவழைத்து, முழுசாகக் கேட்டு, அதையே சொன்னார். மூன்றாவது டீயில் அவள் வாக்குக் கொடுத்துவிட்டாள். "சரி சார். வைக்க மாட்டேன்."

கணியம்பாடியில் அவளுக்கு ஒரு ஷெட் உண்டு. முன்பு கோழிப்பண்ணையாக இருந்த இடம். அங்கே ஆறேழு மாதம் அந்தப் பறவையோடு கிடந்தாள். இறக்கைகளுக்கு உடைந்த நிலைக்கண்ணாடிகள், கழுத்துக்குப் பச்சை வளையல் துண்டுகள், வாலுக்கு வண்ணக் கண்ணாடி. உடம்பின் இறகுகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கண்ணாடியின் பின்பக்கத்தில் வரைந்தாள். பின்பக்கம் வரைவதில் எல்லாம் தலைகீழ். கடைசியில் வைக்கவேண்டிய மினுக்கை முதலில் வைக்கவேண்டும், முதலில் பூசவேண்டிய நிறத்தைக் கடைசியில் பூசவேண்டும். தப்பினால் அழித்துத் திருத்த முடியாது, அந்தத் துண்டே போயிற்று. எண்ணெய் விளக்குப் புகை மாதிரி ஒரு நீலம் அவளுக்கு அதில் கைகூடியது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு யாருக்கும் அந்த நீலம் வராது என்று அவள் நினைத்தாள். அது உண்மையும்தான்.

தலை முடிந்தபோது கண் வரவேண்டிய இடத்தில் மொச்சைக்கொட்டை அளவு ஒரு குழி விட்டாள். அதையும் ஒரு பச்சைத் துண்டால் மூடிவிட்டுப் போயிருக்கலாம். மூடவில்லை. அது கலை நுணுக்கம் எல்லாம் இல்லை, சுத்தமான வீம்பு. வேண்டாம் என்றீர்கள் அல்லவா, வேண்டாம் என்றது எங்கே என்று தெரியட்டும் என்கிற வீம்பு.

பலகை பலகையாகப் பிரித்து, குட்டி யானை வண்டியில் ஏற்றி, ஆம்பூர் கொண்டுவந்து, சுவரில் பொருத்தி, இடுக்குகளில் சிமெண்ட் பூசித் துடைத்து, பின்வாங்கி நின்று பார்த்தாள். பறவை அழகாக இருந்தது. செத்தும் இருந்தது. இறக்கை விரித்தபடி யாரோ சுவரில் ஆணி அடித்து மாட்டிய மாதிரி இருந்தது. அவள் எப்போதும் வலது கீழ் மூலையில் கண்ணாடித் துண்டுகளால் தன் பெயரைப் பதிப்பாள், கடல்கன்னிக்குக்கூடப் பதித்தாள். இதற்குப் பதிக்கவில்லை. கண் இல்லாத பறவைக்குக் கீழே என் பெயர் எதற்கு என்று பெயருக்கான இடத்தை வெறும் சிமெண்டாக விட்டுவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினாள். ஒரு நல்ல சுவர் கிடைத்து, அதிலும் பெயர் போட முடியாமல் வருகிறோமே என்று பள்ளிகொண்டா தாண்டுகிற வரை ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள்.

மறுநாள் காலை, கண்ணாடிமேல் பூத்திருக்கும் சிமெண்டைத் துடைக்கலாம் என்று போனவள் ஹால் வாசலிலேயே நின்றுவிட்டாள். பறவையின் உடம்பெல்லாம் அம்பு.

நகத்தளவு சிவப்பு ஸ்டிக்கர் அம்புகள். இறக்கையில், வாலில், கழுத்தில், எங்கும் ஒட்டியிருந்தன. ஏணியில் நின்று கடைசி அம்பை ஒட்டிக்கொண்டிருந்தவன் ஃபைஸான். குவாலிட்டி கன்ட்ரோல் இன்சார்ஜ், சின்ன வயசு, ரொம்ப மரியாதைக்காரன்.

"இன்னா இது?" என்றாள்.

"இன்ஸ்பெக்‌ஷன் மேடம்."

"யாரு பண்ணச் சொன்னது?"

"யாரும் சொல்ல வேணாம் மேடம். ஸ்டோர் கேட் வழியா எது வந்தாலும் இன்ஸ்பெக்‌ஷன் உண்டு. போன மாசம் கேன்டீனுக்கு இட்லிப் பானை வந்துச்சு, அதையே பாத்தோம். ரெண்டு ரிஜெக்ட்."

அவள் பையைக் கீழே வைத்தாள். ஒவ்வொரு அம்பாகக் கேட்டாள். அவனும் ஒவ்வொன்றாகச் சொன்னான். இந்த நீலமும் அந்த நீலமும் ஒரே நீலம் இல்லை, ஷேட் வேரியேஷன். துண்டுக்கும் துண்டுக்கும் இடைவெளி ஒரே அளவு இல்லை. இங்கே விளிம்பு கூர், துணி மாட்டும். இந்த நிலைக்கண்ணாடியில் ரசம் போய்க் கறுப்புப் புள்ளி விழுந்திருக்கிறது.

"அது பழைய கண்ணாடி. புள்ளி இருக்கணும்னுதான் தேடி வாங்கனது."

"புள்ளிக்கு ஜாஸ்தி குடுத்தீங்களா மேடம்?"

"ஆமா."

அவன் அதைக் குறித்துக்கொண்டான். பிறகு இரண்டு இறக்கைக்கும் குறுக்கே ஒட்டியிருந்த நீளமான ஸ்டிக்கரைக் காட்டினான். "இது பேர் மிஸ்மேட்ச். ரைட்ட விட லெஃப்ட் சின்னது."

"பறவை திரும்புதுப்பா. திரும்பறப்போ ஒரு றெக்கை சின்னதாத்தான் தெரியும்."

அவன் தலையைச் சாய்த்துப் பறவையைப் பார்த்தான். நியாயமாகவே யோசித்தான். "இருக்கலாம் மேடம். ஆனா ஜோடின்னு வந்துட்டா ரெண்டும் ஒண்ணா இருக்கணும்ல."

ஷூ செய்கிறவனிடம் இதற்குமேல் என்ன பேசுவது. அவள் கேட்டாள்: "இப்ப நான் இன்னா பண்ணணும்?"

"அப்ரூவ்டு சாம்பிள் குடுங்க. ஆர்டர் குடுத்த பார்ட்டி கையெழுத்துப் போட்ட டேக் தொங்கும்ல, அந்த சாம்பிள். அதுல எப்டி இருக்கோ அப்டி இதுவும் இருந்தா ஓகே. சாம்பிள்ல ஓட்ட இருந்தா இதுலயும் ஓட்ட இருக்கணும், இல்லாட்டிதான் ரிஜெக்ட்."

"இதுக்கு சாம்பிள் கெடையாது. இது ஒண்ணுதான்."

ஃபைஸான் ஏணியிலிருந்து இறங்கினான். நிஜமான இரக்கத்தோடு கேட்டான். "சாம்பிளே இல்லாம நேரா ப்ரொடக்‌ஷன் போய்ட்டீங்களா மேடம்?"

அன்றைக்கு அவள் கத்திய கத்தலில் ரிசப்ஷனில் இருந்த அம்பரீன் ஃபோனைக் கீழே வைத்துவிட்டாள். ஆறேழு மாதத்துக்கும் சேர்த்துக் கத்தினாள். இத்தனை வருஷமும் டைல்ஸ் வேலை என்று சொல்லப்பட்டதற்கும் சேர்த்துக் கத்தினாள். ஃபைஸான் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். முடிந்ததும் ஏணியில் ஏறி, கண்ணாடிக்கு வலிக்காத மாதிரி அம்புகளை ஒவ்வொன்றாக உரித்தான்.

"மைனர் டிஃபெக்ட்லாம் நான் க்ளோஸ் பண்றேன் மேடம். மேஜர் ரெண்டு இருக்கு, அது என் கையில இல்ல." அந்த இரண்டு அம்பை மட்டும் விட்டுவைத்தான். ஒன்று பறவையின் தலையில், அந்தக் குழியைக் காட்டியது. "மிஸ்ஸிங் காம்பொனன்ட்." இன்னொன்று வலது கீழ் மூலையில், வெறும் சிமெண்டைக் காட்டியது. "லேபிள் இல்ல."

பிரிஸ்கில்லா இரண்டு அம்பையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் எந்த இரண்டு இடத்தில் மனசு நொந்து நின்றாளோ அந்த இரண்டு இடத்தையும் சரியாக, ஒரு வஞ்சனையும் இல்லாமல், இந்தப் பையன் ஸ்டிக்கர் ஒட்டிக் காட்டுகிறான். ஷபீ அஹமதோ சென்னை போயிருந்தார், அடுத்த நாள் திறப்பு விழாவுக்குத்தான் வருவார். அவரிடமே பேசிக்கொள்ளலாம் என்று பையை எடுத்தாள்.

"அப்ப ரீவொர்க்குக்கு ஓகேவா மேடம்?" என்று ஃபைஸான் பின்னாலிருந்து கேட்டான்.

"என்னமோ பண்ணிக்குங்க. ஓகே, ஓகே" என்று அவள் கேட்டைத் தாண்டிவிட்டாள். ஏதோ காகிதத்தில் டிக் அடிக்கிற சமாசாரம் என்று நினைத்தாள். தோல் தொழிலில் ஓகே என்ற வார்த்தையை இப்படி வாரி இறைக்கக்கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் திறப்பு. டோரதி பின்னால் வருவதாகச் சொல்லிவிட்டார். பிரிஸ்கில்லா முன்னால் போய்விட்டாள். ஹாலில் ஜமக்காளம் விரித்திருந்தது. நாற்காலிகளுக்கு வெள்ளை உறை மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் நிமிர்ந்தாள். பறவை அவளைப் பார்த்தது.

நின்ற இடத்திலிருந்து இரண்டடி பின்னால் போனாள். பார்த்தது. பக்கவாட்டில் தூணுக்குப் பின்னால் போனாள். அங்கேயும் பார்த்தது. நேற்றுவரை சுவரில் மாட்டியிருந்த இறக்கைகள் இன்றைக்குக் காற்றில் இருந்தன. திரும்புகிறது, திரும்புகிறது என்று ஃபைஸானிடம் வாய்கிழியச் சொன்னாளே, இப்போதுதான் அது நிஜமாகத் திரும்பியது. போகிற போக்கில் கீழே யாரையோ ஒரு நொடி கவனிக்கிற பறவை. அவள் மனசில் முதல் நாள் வந்த பறவை. அவளுக்கு முதலில் சந்தோஷம் வந்தது. அடுத்த நிமிடம் பொறாமை வந்தது, அதைத் தொடர்ந்து பயம்.

ஏணியில் ஏறிப் பார்த்தாள். குழியில் ஒரு ஐலெட் இருந்தது. ஷூவில் லேஸ் கோக்கிற ஓட்டைக்கு அடிப்பார்களே, அந்தப் பித்தளை வளையம். வளையத்துக்கு உள்ளே பளபளவென்று கறுப்பாக ஒரு தோல் துண்டு. ஹால் விளக்கு அந்தக் கறுப்பில் ஒரு புள்ளியாக மின்னியது.

அவள் பையில் கண்ணாடி நறுக்குகிற கொறடு இருந்தது. எடுத்தாள். வாக்குக் கொடுத்திருக்கிறாள், ஷபீ அஹமது வருவதற்குள் பிடுங்கிவிடலாம், யாருக்கும் தெரியாது. கொறடை வளையத்தின் விளிம்பு வரை கொண்டுபோனாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பிடுங்கலாம் என்று தோன்றியது. கொறடைப் பைக்குள் போட்டுவிட்டாள்.

"ஓகேவா மேடம்?" என்று கீழிருந்து குரல் வந்தது. குறை கண்ட ஷூவைச் சரிசெய்கிற ரீவொர்க் செக்‌ஷன் மூர்த்தி. நாற்பது வயசு ஆள், கையில் தோல் ஒட்டுகிற சொல்யூஷன் டப்பா.

"இத நீங்களாண்ணா வெச்சது?"

"ஆமா. மிஸ்ஸிங்னு அம்பு இருந்துச்சு. பூட் ஆர்டர்ல மிஞ்சன ஐலெட் சைஸ் கரெக்டா இருந்துச்சு, அட்ச்சேன். உள்ள சிமெண்ட் தெரியுது, அசிங்கமா இருக்கேன்னு பேட்டன்ட் லெதர்ல ஒரு பிட்டு வெட்டி ஒட்னேன்."

"கண்ணு மாதிரி இருக்குன்னு தோணலியா?"

மூர்த்தி நிமிர்ந்து பறவையைப் பார்த்தான். முதல் தடவையாகப் பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. "நான் ஓட்டையதான் மேடம் பாத்தேன்" என்றான்.

அதற்குள் வாசலில் கார் வந்துவிட்டது. வெள்ளை ஜிப்பாவில் ஷபீ அஹமது சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். பத்தடி வந்ததும் சிரிப்பு நின்றது. அவர் பறவையைப் பார்த்தார், பறவை அவரைப் பார்த்தது, பிறகு அவர் ஏணிமேல் இருந்த பிரிஸ்கில்லாவைப் பார்த்தார்.

"பிரிஸ்கில்லா" என்றார். எப்போதும் சேர்க்கிற 'அம்மா' இல்லை. "வாக்கு குடுத்தியே."

அவர் திட்டியிருந்தால் தேவலை. நான் வைக்கவில்லை என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். சொல்ல வரவில்லை. கை வைக்கவில்லைதான். ஆனால் கொறடைப் பைக்குள் போட்டது யார்? அவள் இறங்கி வந்து தலையைக் குனிந்துகொண்டாள். மூர்த்தி டப்பாவை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

நல்லவேளையாகவோ கெட்டவேளையாகவோ, ஃபைஸான் முகமெல்லாம் பூரிப்பாக ஓடிவந்தான். "சார், மேஜர் ஒண்ணு க்ளோஸ் ஆயிடுச்சு. ரீவொர்க்ல ஐலெட் போட்டாச்சு. லேபிள் மட்டும்தான் பாக்கி."

ஷபீ அஹமதுக்கு விஷயம் விளங்கச் சற்று நேரம் ஆயிற்று. விளங்கியதும் அவரே ஏணியில் ஏறினார். மூக்கு படுகிற தூரத்தில் பார்த்தார். முப்பது வருஷமாகத் தோலைத் தொட்டுப் பார்க்கிற விரலால் அந்தக் கறுப்பைத் தொட்டார். "எந்த லாட்டு இது?"

"போன சீசன் பேட்டன்ட் சார்."

"ஃபினிஷ் நல்லா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கினார். "எடுத்துடு."

மூர்த்தி எடுத்தான். வளையம் நெளியாமல் பக்குவமாக எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். எல்லோரும் பறவையைப் பார்த்தார்கள். அது சுவரில் மாட்டப்பட்டிருந்தது.

"போய்டுச்சு" என்றாள் ரிசப்ஷனிலிருந்து அம்பரீன். எது போயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஃபைஸான் தொண்டையைக் கனைத்தான். "சார், மறுபடியும் மேஜர் ஓப்பன் ஆயிடுச்சு. இப்டி உட்டா அடுத்த இன்ஸ்பெக்‌ஷன்ல திரும்ப அம்பு ஒட்டுவாங்க, திரும்ப ரீவொர்க் போவும். நீங்க டேக்ல கையெழுத்துப் போட்டுட்டா இதுவே அப்ரூவ்டு சாம்பிள். ஓட்டையோட ஓகேன்னு. அப்பறம் யாரும் தொட மாட்டாங்க." அவன் எதற்கும் தயாராக வருகிற ஆள். கயிறு கோத்த டேக்கும் பேனாவும் நீட்டினான்.

ஷபீ அஹமது வாங்கினார். ஒரு நாளைக்கு எத்தனையோ டேக்கில் ஃபோன் பேசிக்கொண்டே கையெழுத்துப் போடுகிறவர். பேனாவை வைத்தார், எடுத்தார். குழியைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டால் அவர் கேட்டது அவருக்கு நிரந்தரமாகக் கிடைத்துவிடும். பிரிஸ்கில்லா அந்தப் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். போடாதீங்க, போடாதீங்க என்று உள்ளுக்குள் ஜெபித்தாள். ஜெபத்தில் சேர்க்கத்தக்க விஷயமா என்று யோசிக்க அப்போது நேரம் இல்லை.

"மூர்த்தி" என்றார் அவர். "பொய் சொல்லக்கூடாது. கண்ணு வெக்கணும்னா வெச்ச?"

"இல்ல சார். ஓட்ட இருந்துச்சு, ஐலெட் போட்டேன்."

"மனசுல ஏதாவது?"

"பஸ் போய்டுமேன்னு இருந்துச்சு சார்."

ஷபீ அஹமது டேக்கை மடித்தார். "எங்களுக்கு எல்லாமே நிய்யத்துதான். மனசுல இன்னா வெச்சுக்கினு செய்றோமோ அதான் செயலு. இவன் மனசுல கண்ணு இல்ல. ஃபைஸானுக்கும் இல்ல. நானும் சொல்லல." பிறகு பிரிஸ்கில்லாவிடம் திரும்பினார். "நீ சொல்லும்மா."

அந்த 'அம்மா' திரும்பி வந்துவிட்டது. அதனால்தான் அவளால் பொய் சொல்ல முடியவில்லை. "எனக்கு அது கண்ணுதான் சார். மொத நாள்லேர்ந்து மனசுல அதான் இருக்கு. வாக்கு குடுத்தப்பவும் இருந்துச்சு."

ஹாலில் நாற்காலி உறை மாட்டுகிறவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

"ஆனா நீ வெக்கல" என்றார் ஷபீ அஹமது.

"வெக்கல."

"வெக்கச் சொன்னியா?"

"இல்ல. ஓகேன்னு சொன்னேன். எதுக்குன்னு தெரியாம சொன்னேன்."

அவர் டேக்கை ஃபைஸானிடமே திருப்பிக் கொடுத்தார். மார்க்கத் தீர்ப்பு சொல்கிற ஆள் அல்ல அவர், அதை அவரே அப்புறம் சொன்னார். தன் மனசாட்சிக்கு ஒரு வழி தேடினார், அவ்வளவுதான். "அப்ப சரி. மூர்த்தி வெச்சது ஐலெட். அது ஐலெட்டாவே இருக்கட்டும். உன் நிய்யத்து இதுல சேராதும்மா, சேந்தா அது கண்ணாயிடும். இது நான் வெச்சதுன்னு நீ எங்கயும் சொல்லக்கூடாது. யார் கேட்டாலும்."

அதாவது, பறவை உயிரோடு இருக்கலாம், அந்த உயிர் அவளுடையது இல்லை என்றால். இதைவிடக் கறாரான பேரத்தைப் பிரிஸ்கில்லா கேள்விப்பட்டதில்லை. கறார் என்று தெரிந்தேதான் ஒப்புக்கொண்டாள். மூர்த்தி மறுபடி ஏணியில் ஏறினான். ஹுமா மறுபடி காற்றில் ஏறியது. தலையில் ஒட்டியிருந்த அம்பை ஃபைஸான் உரித்தான்.

கீழ் மூலை அம்பு பாக்கி இருந்தது. கூட்டம் வர இன்னும் நேரம் இருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து, மிச்சமிருந்த நிலைக்கண்ணாடித் துண்டுகளை நறுக்கித் தன் பெயரைப் பதித்தாள். பாதியில் மூர்த்தியைக் கூப்பிட்டு, "உங்க பேரும் போடறேண்ணா" என்றாள்.

அவன் பதறிவிட்டான். "வேணாம் மேடம். நாளைக்கு எதாவது கம்ப்ளெய்ன்ட் வந்தா பேரு பாத்துப் புடிப்பாங்க. பேஜாரு."

திறப்பு நன்றாகவே நடந்தது. பிரியாணியும் நன்றாக இருந்தது என்றார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஹுமாவுக்கு முன்னால் நின்றார்கள். நின்றவர்கள் எல்லாரும் இரண்டடி நகர்ந்து, பார்க்கிறதா என்று சோதித்தார்கள். சுவரில் ஃபைஸான் கம்ப்யூட்டரில் அடித்து ஒட்டிய சீட்டு இருந்தது. 'ஹுமா. கண்ணாடி, நிலைக்கண்ணாடி, வளையல், கண்ணாடிமேல் ஓவியம். ஐலெட் ஒன்று.' ஒன்றும் விட்டுப்போகக்கூடாது என்பது அவன் கொள்கை.

டோரதி தாமதமாக வந்தார். பஸ் கிடைக்கவில்லை, முழங்கால் வலி, வெயில் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், ஹாலின் நடுவில் பேச்சை நிறுத்தினார். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். வார்டில் ராத்திரி டியூட்டியில் படுக்கைகளைப் பார்த்துக்கொண்டே நடந்த பெண், யாருக்கு மூச்சு இருக்கிறது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார். பிரிஸ்கில்லா பக்கத்தில் போய் நின்றாள். எத்தனை சுவருக்கு, எத்தனை குளியலறைக்கு இந்த முகத்தைப் பார்த்து ஏமாந்திருக்கிறாள்.

"உயிரோட இருக்குது பிரிஸ்ஸி" என்றார் டோரதி. "அந்தக் கண்ணு இருக்குதே. எப்டி வெச்ச?"

நாலடி தள்ளி ஷபீ அஹமது யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தவில்லை, ஆனால் காது இந்தப் பக்கம் இருந்தது.

"அது கண்ணு இல்லம்மா. ஐலெட்."

"என்ன எழவோ. அத எப்டி வெச்ச?"

"நான் வெக்கல. ரீவொர்க்ல வெச்சாங்க."

டோரதி மகளைப் பார்த்தார். திரும்பிப் பறவையைப் பார்த்தார். "ஓ" என்றார். "நீ வெச்சதுன்னு நெனச்சேன்."

அவ்வளவுதான். ஜன்மத்துக்கும் காத்திருந்த வார்த்தை வந்து, உட்கார இடமில்லாமல் திரும்பிப் போயிற்று. வாக்கு, வாக்கு என்று பிரிஸ்கில்லா பல்லைக் கடித்தாள். ஷபீ அஹமது அந்தப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டார். இது தன் காதில் விழாமல் இருந்திருக்கலாமே என்று அவர் நினைத்த மாதிரி இருந்தது.

டோரதி பறவையிடம் போனார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நிமிர்ந்து, தலைப்பக்கத்தையே பார்த்தார். பிறகு கீழ் மூலையில் இன்னும் ஈரம் காயாத பெயரைக் குனிந்து படித்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து வந்தார்.

"அதுக்கு எடம் விட்டது யாரு?" என்று கேட்டார்.

"நான்தான்."

"அப்பறம் இன்னா" என்றார் டோரதி.

வீம்புக்கு விட்ட இடம் என்று பிரிஸ்கில்லா சொல்லவில்லை. அதைச் சொல்லக்கூடாது என்று யாருக்கும் அவள் வாக்குக் கொடுத்திருக்கவில்லை, ஆனாலும் சொல்லவில்லை. அம்மாவின் கைப்பையை வாங்கிக்கொண்டு சாப்பாட்டுப் பக்கம் கூட்டிப்போனாள். வழியில் அம்பரீனின் அம்மா டோரதியை நிறுத்தி, நீங்க யாரு என்று விசாரித்தார்.

"அந்தப் பறவைக்குக் கீழ பேரு இருக்குதே" என்றார் டோரதி. "அவளோட அம்மா."